36 டிகிரி அறையில் ஓவர்கிளாக் செய்த 5800எக்ஸ்: எந்த கூலர் வாங்கலாம்?

வேலூர்_எடிட்டர்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மூன்று மாதம் முன்பு கணினியில் ரைசன் 5 3600 பிராசசரை எடுத்துவிட்டு ஏ.எம்.டி.யின் ரைசன் 7 5800எக்ஸ் போட்டேன். 5800எக்ஸ் பெட்டியில் சூட்டைத் தணிக்கும் கூலர் வராது. புதிதாக வாங்கும் வரை என்று, 3600-உடன் வந்த சின்ன அலுமினியக் கூலரையே மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங்) பி.பி.ஓ.வை, அதாவது சிப்பைக் குறித்த எல்லைக்கு மேலே ஓடவிடும் ஓவர்கிளாக் வசதியை, எனேபிள் செய்திருக்கிறேன். ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) கொடுத்த அரை நிமிடத்தில் 90 டிகிரி தொட்டு அங்கேயே நிற்கிறது. வேகம் 4 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் 13,100 புள்ளி வருகிறது. ஒரு மணி நேர ரெண்டர் முடிவதற்குள் விசிறிச் சத்தத்தில் பக்கத்து அறையில் யாரும் தூங்க முடிவதில்லை.

அறையில் ஏ.சி. கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேசைமேல் வைத்த தெர்மாமீட்டர் 36 காட்டுகிறது. கேபினெட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று. கிராபிக்ஸ் கார்டு ஆர்.டி.எக்ஸ். 3060. பட்ஜெட் 5,000 ரூபாய். அவசியம் என்றால் 8,000 வரை போகலாம். 240 மி.மீ. ரேடியேட்டர் உள்ள வாட்டர் கூலர் வாங்கட்டுமா, பெரிய காற்றுக் கூலர் போதுமா?

டொராண்டோ_வாசி

தயங்காமல் வாட்டர் கூலர் போடுங்கள் என்பேன், முடிந்தால் 360. நானும் 5800எக்ஸ்தான். இரட்டை டவர் (இரண்டு தகடு அடுக்கு உள்ள) காற்றுக் கூலரில் 80 தாண்டிக்கொண்டிருந்தது, 360-க்கு மாறினேன். இப்போது 77, 78. சத்தமும் குறைவு.

பழைய_ஓவர்கிளாக்கர்

டொராண்டோ நண்பரே, உங்கள் அறையில் என்ன வெப்பம்?

டொராண்டோ_வாசி

20, 21 இருக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போதும் அதே அளவுதான்.

பழைய_ஓவர்கிளாக்கர்

அப்படியென்றால் உங்கள் 78-ஐ வேலூர் அறைக்குக் கொண்டுபோனால் அது 93. சிப் 90-க்கு மேல் போகாது, அதனால் 90-ல் நின்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 360 வாட்டர் கூலர் வாங்கிய பிறகும் வேலூர்க்காரர் இப்போது பார்க்கும் அதே எண்ணைத்தான் திரையில் பார்ப்பார்.

இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். எந்த கூலரும் சிப்பை "இத்தனை டிகிரிக்கு" கொண்டுவருவதில்லை. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏறும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. யூடியூபில் வரும் சோதனைகளில் பெரும்பாலானவை 20 முதல் 25 டிகிரி அறையில் நடப்பவை. அவர்கள் காட்டும் எண்ணிலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, அதனுடன் நம் அறை வெப்பத்தைக் கூட்டிப் பார்த்தால்தான் நமக்குப் பயன்படும் எண் கிடைக்கும். அப்படிக் கூட்டிப் பார்த்தால் நம் ஊரில் மே மாதத்தில் தேறும் கூலர்கள் குறைவு.

இன்னொன்று, டொராண்டோ நண்பர் சொன்னதிலேயே இருக்கிறது. இரட்டை டவரிலிருந்து 360-க்குப் போனதில் அவருக்குக் கிடைத்தது மூன்று நான்கு டிகிரிதான். ரேடியேட்டர் அத்தனை பெரியது, ஆனால் லாபம் அவ்வளவுதான். காரணம் கூலரில் இல்லை, சிப்பில் இருக்கிறது.

நான் 2011-ல் இன்டெல் ஐ5-2500கே சிப் வைத்திருந்தேன். ஹைப்பர் 212 காற்றுக் கூலர் ஒன்றை மாட்டி 4.5 கிகாஹெர்ட்ஸ் ஓட்டினேன், எழுபதைத் தாண்டவில்லை. அந்தச் சிலிக்கனின் பரப்பு 216 சதுர மில்லிமீட்டர், மேல்மூடியுடன் சால்டர் செய்து ஒட்டியது. 5800எக்ஸின் எட்டு கோர்களும் சுமார் 81 சதுர மில்லிமீட்டர் சில்லுக்குள் நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன. அதே 100 வாட் என்றாலும் ஒரு சதுர மில்லிமீட்டரிலிருந்து இரண்டரை மடங்கு வெப்பம் வெளியே வந்தாக வேண்டும். சில்லிலிருந்து மூடிக்கும் மூடியிலிருந்து கூலருக்கும் போகிற வழியிலேயே நெரிசல். அதைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தைக் காற்றில் விடுவது பெரிய வேலை இல்லை, ஒரு நல்ல இரட்டை டவரே செய்துவிடும்.

ரிச்சி_தெரு_அசெம்ப்ளர்

பதினைந்து வருடமாக அசெம்பிளி செய்கிறேன். தம்பி, உங்களுக்குக் காற்றுக் கூலர்தான் என் வோட்டு. காரணம் வெப்பம் மட்டும் இல்லை. வாட்டர் கூலரில் பம்ப் நின்றால் மெஷின் அந்த நிமிஷமே நிற்கும். போன வருடம் ஒரு ஸ்டூடியோவில், பெயர் வேண்டாம், முகூர்த்த சீசன் நடுவில் பம்ப் போனது. வாரன்டி இருந்தது, கம்பெனி மாற்றியும் கொடுத்தது. ஆனால் வந்து சேர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் அவர் வாடகை மெஷினில் வேலை பார்த்தார். காற்றுக் கூலரில் கெட்டுப்போகக்கூடியது விசிறி ஒன்றுதான். எந்தக் கடையிலும் 120 மி.மீ. விசிறி கிடைக்கும், பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம்.

வாட்டர் கூலரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐ9-13900கே மாதிரி 253 வாட் வரை இழுக்கிற சிப்புக்கு நானே 360 தான் மாட்டுகிறேன். அங்கே வெப்பத்தின் மொத்த அளவே பெரியது, காற்றுக் கூலர் திணறும். 5800எக்ஸ் அந்த வகை இல்லை.

கோவை_ரெண்டர்

அண்ணா, சத்தம் பற்றியும் சொல்லுங்கள். நான் பிளெண்டர் 3டி மென்பொருளில் இரவு முழுக்க ரெண்டர் விடுவேன், குழந்தை அதே அறையில் தூங்கும். வாட்டர் கூலர் சத்தம் குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பழைய_ஓவர்கிளாக்கர்

சத்தத்துக்குக் காரணம் விசிறி சுழலும் வேகம். பெரிய கூலரில் விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும், காற்றோ தண்ணீரோ எதுவானாலும் அது பொருந்தும். வாட்டர் கூலரில் விசிறியுடன் பம்பின் ரீங்காரமும் சேரும். இரவு அமைதியில் விசிறியைவிட அதுதான் காதில் விழும் என்று சொல்பவர்கள் உண்டு. குழந்தை தூங்கும் அறை என்றால் இரட்டை டவர் வைத்து, விசிறியை நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்குள் நிறுத்திவிடுங்கள். அதற்கு ஏற்ற மாதிரி வாட் அளவையும் குறைத்துவிட்டால் இரவில் நிம்மதி.

யாழ்_பொறியியல்

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன், கணினி அசெம்பிளி எனக்குப் பொழுதுபோக்கு. காற்றுக் கூலரைப் பலர் "வெறும் உலோகத் துண்டு" என்று நினைப்பதுதான் எனக்குக் கவலை. அதிலும் தண்ணீர்தான் வேலை செய்கிறது.

அந்தச் செம்புக் குழாய்களுக்குள் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் 100 டிகிரிக்கு வெகு கீழேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும். சிப் இருக்கும் பக்கம் ஆவியாகி, தகடுகள் இருக்கும் பக்கம் போய்க் குளிர்ந்து மறுபடியும் நீராகும். குழாயின் உட்சுவரில் செம்புத் தூளைச் சுட்டு ஒட்டிய நுண்துளைப் படலம் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது நீரைத் திரும்பச் சிப் பக்கம் இழுத்து வரும். பம்ப் இல்லை, அசையும் பாகம் எதுவுமே இல்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜோர்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டினார். விண்கலங்களில் வெப்பத்தை இடம் மாற்றுவதற்கு இது வெகுவாகப் பயன்பட்டது. அதே குழாய்தான் இன்று நம் மேசையில் இருக்கிறது. எனக்கு இப்போதும் இது வியப்பாகத்தான் இருக்கிறது.

வாட்டர் கூலரில் நிறையத் தண்ணீர் இருப்பதால் அது சூடேற நேரம் எடுக்கும். ஐந்து நிமிடச் சோதனையில் அது மிக நன்றாகத் தெரிவது அதனால்தான். வேலூர் நண்பர் ஓட்டுவது ஒரு மணி நேர ரெண்டர். முதல் கால் மணி நேரத்திலேயே தண்ணீர் சூடாகித் தன் நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ரேடியேட்டரும் விசிறியும் அறைக்காற்றும்தான் கணக்கு. ஆகவே எந்த கூலரின் சோதனையைப் பார்த்தாலும் அரை மணி நேரத்துக்குப் பிந்திய எண்ணைப் பாருங்கோ.

டொராண்டோ_வாசி

நியாயமான வாதம். என் எண்ணை அறை வெப்பம் சொல்லாமல் போட்டது தவறுதான். அப்படியென்றால் 36 டிகிரி அறையில் இந்தச் சிப்பை ஓவர்கிளாக் செய்யவே கூடாது என்கிறீர்களா?

பழைய_ஓவர்கிளாக்கர்

செய்யலாம். ஆனால் பழைய முறையில் வேண்டாம். அந்தக் காலத்தில் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிபிளையரை ஏற்றுவோம், வோல்டேஜ் ஏற்றுவோம், அந்த வெப்பத்தைத் தாங்க கூலர் தேடுவோம். 5800எக்ஸ் தானாகவே தன்னை ஏற்றிக்கொள்கிற சிப். வெப்பம், வாட், மின்னோட்டம் மூன்றிலும் இடம் இருக்கும்வரை அது ஏறிக்கொண்டே போகும். நாம் செய்ய வேண்டியது அதற்கு இடம் உண்டாக்கித் தருவது. அதற்கு வழி வோல்டேஜைக் குறைப்பது.

சிப் இழுக்கும் மின்சக்தி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 1.35-லிருந்து 1.25 வோல்ட்டுக்கு இறக்கினால், வேகம் அப்படியே இருந்தாலும் வாட் சுமார் 14 சதவீதம் குறையும். ரைசன் 5000 வரிசையில் அதற்கென்றே பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் என்ற செட்டிங் இருக்கிறது. ஒரு படி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 20, அதாவது 20 படி கீழே, போட்டால் 60 முதல் 100 மில்லிவோல்ட் வரை குறைகிறது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. எந்த கூலர் வாங்கினாலும் இதைச் செய்யாமல் விட்டால் பாதிப் பணம் வீண்.

அதனுடன் பி.பி.டி. என்கிற மொத்த வாட் எல்லை. 5800எக்ஸுக்கு ஏ.எம்.டி. வைத்திருப்பது 142 வாட். அதை 115 ஆக்குங்கள். பல கோர் வேலையில் வேகம் கொஞ்சம்தான் குறையும், கர்வ் ஆப்டிமைசர் அதையும் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும்.

கணக்கு இப்படி: நல்ல இரட்டை டவரில் 142 வாட்டுக்கு அறை வெப்பத்துக்கு மேல் சுமார் 58 டிகிரி ஏறும் என்று வையுங்கள். 36-உடன் 58 கூட்டினால் 94, எல்லை மீறிவிட்டது. 115 வாட்டுக்கு அதே விகிதத்தில் 47. கூட்டினால் 83. ஓடும்.

ரிச்சி_தெரு_அசெம்ப்ளர்

மாடல் பெயர் சொல்லும் முன் ஒன்று. தம்பி, பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி, சிப் இருக்கும் மட்டத்திலிருந்து கண்ணாடி வரும் இடம் வரை ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். ரேம் உயரமும் வேண்டும். என் கடைக்கு கூலர் திரும்பி வருவதற்கு முக்கால்வாசிக் காரணம், கண்ணாடி மூடவில்லை என்பதுதான்.

வேலூர்_எடிட்டர்

அளந்தேன் அண்ணே. கண்ணாடி வரை 159 மி.மீ. வருகிறது. கேபினெட் தயாரிப்பாளர் பக்கத்தில் 158 என்று போட்டிருக்கிறது. ரேம் உயரம் குறைவானது, விளக்கு எதுவும் இல்லை, 33 மி.மீ.

ரிச்சி_தெரு_அசெம்ப்ளர்

அப்படியென்றால் 158 என்றே வைத்துக்கொள்ளுங்கள், அளக்கும்போது ஒரு மி.மீ. கூடக் குறைய வரும்.

நாக்டுவா என்ஹெச்-டி15 உயரம் 165. போகாது, பட்ஜெட்டிலும் வராது. டீப்கூல் ஏகே620 உயரம் 160, இரண்டு மி.மீ.யில் போச்சு. அதே கம்பெனியின் ஏகே400 155 தான், ஆனால் ஒற்றை டவர், நான்கு குழாய். உங்கள் அறைக்கு அது பத்தாது. மிச்சம் தெர்மல்ரைட் பீர்லஸ் அசாசின் 120 எஸ்.இ.: 155 மி.மீ., ஆறு குழாய், இரண்டு 120 மி.மீ. விசிறி. பாண்டம் ஸ்பிரிட் 120 எஸ்.இ. 154 மி.மீ., ஏழு குழாய். இரண்டில் எது விலை குறைவாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள், உங்கள் பட்ஜெட்டுக்குள்ளேயே வரும்.

ரேம் தாழ்வாக இருப்பது உங்கள் நல்ல நேரம். உயரமான ரேம் என்றால் முன் விசிறியை மேலே தூக்கி மாட்ட வேண்டும், அப்போது 155 என்பது 165 ஆகிவிடும். யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கோவை_ரெண்டர்

சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் தனியாக வாங்க வேண்டுமா? லிக்விட் மெட்டல் போட்டால் பத்து டிகிரி குறையும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

யாழ்_பொறியியல்

லிக்விட் மெட்டல் வேண்டாம் தங்கச்சி. அது காலியம் கலந்த உலோகக் கலவை, மின்சாரம் கடத்தும். ஒரு துளி மதர்போர்ட்டில் சிந்தினால் போதும், போர்டு போய்விடும். அலுமினியத்தில் பட்டால் அதை அரித்துவிடும். மூடிக்கு மேலே போடுவதால் கிடைக்கும் லாபமும் அவ்வளவு பெரிதில்லை. கூலர் பெட்டியில் வரும் பேஸ்ட்டோ ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 போன்ற ஒன்றோ போதும்.

ரிச்சி_தெரு_அசெம்ப்ளர்

பழைய கூலரைக் கழற்றும்போது கவனம். உங்களுடையது மாதிரி ஏ.எம்.4 சாக்கெட் சிப்பில் கால்கள் சிப்பின் அடியிலேயே இருக்கின்றன, சாக்கெட்டில் லீவர் மட்டும்தான், மேலே பிடித்துக்கொள்ளும் சட்டம் கிடையாது. பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரைத் தூக்கும்போது சிப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், கால்கள் வளையும். முதலில் பத்து நிமிஷம் ஏதாவது ரெண்டர் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஸ்குரூவைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். அது வழுக்கி அசைவது கையில் தெரியும். அப்புறம்தான் தூக்க வேண்டும். நேர் மேலே இழுக்கவே கூடாது.

உங்கள் பழைய கூலர் ஸ்குரூ வகை. அந்த நான்கு ஸ்குரூவையும் கழற்றினால் பின்னால் இருக்கும் தகடு கழன்று கீழே விழும். கேபினெட்டைப் படுக்க வைத்து, பின்பக்கம் கை கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். புதிய கூலரும் அதே தகட்டைத்தான் பயன்படுத்தும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புதிய கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். இரண்டு ஸ்குரூவையும் மாற்றி மாற்றி, இரண்டு சுற்று இங்கே, இரண்டு சுற்று அங்கே என்று முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பேஸ்ட் ஒருபக்கமாகப் பிதுங்கிவிடும்.

வேலூர்_எடிட்டர்

பீர்லஸ் அசாசின் வந்து சேர்ந்தது. அண்ணன் சொன்னபடியே செய்தேன், சிப் அசையாமல் இருந்தது. கண்ணாடியும் மூடிவிட்டது.

ஆனால் மனசு சரியில்லை. சினிபெஞ்ச் போட்டால் மறுபடியும் 90 டிகிரி! பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டேன், உறுதியாகத் தெரியும். கழற்றிப் பேஸ்ட்டைப் பார்த்தேன், நன்றாகவே பரவியிருந்தது. துடைத்து மறுபடியும் போட்டு மாட்டினேன். அதே 90. கூலரில் கோளாறா?

பழைய_ஓவர்கிளாக்கர்

பதற வேண்டாம். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து, ரெண்டர் ஓடும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். எல்லாக் கோர்களின் வேகம் எவ்வளவு, சி.பி.யு. பேக்கேஜ் பவர் எவ்வளவு.

வேலூர்_எடிட்டர்

வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ். பவர் 150 வாட். சினிபெஞ்ச் 15,600.

பழைய_ஓவர்கிளாக்கர்

கூலர் அருமையாக வேலை செய்கிறது! முன்பு 90 டிகிரியில் 4 கிகாஹெர்ட்ஸ், 13,100. இப்போது அதே 90 டிகிரியில் 4.6, 15,600. புதிய கூலர் கொடுத்த இடம் முழுவதையும் சிப் வேகமாக மாற்றிவிட்டது. வெப்பநிலையை மட்டும் பார்த்தால் எதுவும் நடக்காத மாதிரிதான் தெரியும். இந்தத் தலைமுறைச் சிப்புகளில் கூலரை எடை போடப் பார்க்க வேண்டியது டிகிரியும் வாட்டும் வேகமும் சேர்ந்து.

150 வாட் எங்கிருந்து வந்தது என்றால், பயாஸில் பி.பி.ஓ.வை "எனேபிள்டு" என்று மட்டும் வைத்தால் 142 வாட் எல்லை நீங்கி, மதர்போர்டு தாங்கும் எல்லைக்குப் போய்விடும். சில போர்டுகளில் அது முந்நூறு வாட்டுக்கும் மேல். "அட்வான்ஸ்டு" என்று மாற்றி, லிமிட்ஸில் "மேனுவல்" எடுத்து, பி.பி.டி. 115 கொடுங்கள். கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் முதலில் மைனஸ் 10. ஒரு நாள் வேலை செய்து பார்த்துவிட்டு மைனஸ் 20.

யாழ்_பொறியியல்

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கோ, காசு வேண்டாம். ரெண்டர் அரை மணி நேரம் ஓடிய பிறகு வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, முன்பக்கக் கண்ணாடியை மட்டும் கழற்றி, இன்னும் கால் மணி நேரம் ஓட விடுங்கோ. ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினெட் மூச்சுவிடவில்லை என்று அர்த்தம். 3060 தன் பங்குக்கு 170 வாட் வரை அதே பெட்டிக்குள்தான் கொட்டுகிறது. அந்தச் சூடான காற்றைத்தான் உங்கள் கூலர் உள்ளே இழுக்கிறது.

வேலூர்_எடிட்டர்

இரண்டையும் செய்தேன். பி.பி.டி. 115, மைனஸ் 10. அறை 36. அரை மணி நேரம் கழித்து 87. முன்கண்ணாடியைக் கழற்றினேன், 81-க்கு இறங்கியது. ஆறு டிகிரி! இத்தனை நாள் அந்தக் கண்ணாடி அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கழற்றியே வைத்தால் தூசி உள்ளே போகும். எங்கள் தெருவில் தூசி அதிகம். என்ன செய்யலாம்?

ரிச்சி_தெரு_அசெம்ப்ளர்

ஹார்டுவேர் கடையில் 15, 20 மி.மீ. ஸ்பேசரும் நீளமான ஸ்குரூவும் வாங்கி, கண்ணாடியை முன்னால் தள்ளி மாட்டுங்கள். சுற்றிலும் இடைவெளி வந்துவிடும். தூசிக்கு நைலான் கொசுவலையை விசிறிக்கு முன்னால் கட்டுங்கள். நிறையப் பேர் பெண்கள் காலுறைத் துணி போடுகிறார்கள், அது ரொம்ப நெருக்கம், காற்றைத் தடுக்கும். கொசுவலை போதும். மாதம் ஒரு தடவை கழற்றித் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டினால் சரி.

அப்புறம், யு.பி.எஸ். என்ன வைத்திருக்கிறீர்கள்?

வேலூர்_எடிட்டர்

600 வி.ஏ. அண்ணே.

ரிச்சி_தெரு_அசெம்ப்ளர்

அது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். சிப் 115, கிராபிக்ஸ் 170, மற்றதெல்லாம் ஒரு 50. பவர் சப்ளையின் இழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து 390 வாட் பக்கம் வரும். மானிட்டர் வேறு. ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் யு.பி.எஸ். கையை விரித்துவிடும், ஃபைல் போய்விடும். கூலரில் மிச்சமான பணத்தை 1,000 வி.ஏ.வில் போடுங்கள். ஓவர்கிளாக் செய்கிறவர்கள் கூலரைப் பற்றி அவ்வளவு யோசிக்கிறார்கள், இதை யோசிப்பதில்லை.

கோவை_ரெண்டர்

எனக்கும் இந்த இழை உதவியது. என்னிடம் 5600எக்ஸ்தான், கூலர் மாற்றவே இல்லை. பி.பி.டி.யை மட்டும் 65 வாட் ஆக்கினேன். 84-லிருந்து 69-க்கு வந்தது. ரெண்டர் நேரம் ஒரு ஃபிரேமுக்குச் சில விநாடிதான் கூடியிருக்கிறது. இரவில் சத்தம் இல்லை.

டொராண்டோ_வாசி

நானும் கர்வ் ஆப்டிமைசர் மைனஸ் 15 போட்டுப் பார்த்தேன், 142 வாட்டிலேயே. வெப்பம் ஒரு டிகிரிதான் குறைந்தது, ஆனால் வேகம் 100 மெகாஹெர்ட்ஸ் ஏறியது. காற்றுக் கூலரிலிருந்து 360-க்கு மாறியபோதுகூட வேகத்தில் இவ்வளவு கிடைக்கவில்லை.

பழைய_ஓவர்கிளாக்கர்

மைனஸ் போடுகிறவர்கள் எல்லோருக்கும்: சினிபெஞ்ச் ஓடிவிட்டது என்பதால் நிலையாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கர்வ் ஆப்டிமைசரில் கோளாறு வருவது முழுச் சுமையில் அல்ல. ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குப் போகும்போது, பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போது, மெஷின் சும்மா இருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோராகத் தனித்தனியே சோதிக்கும். இரவில் ஓட விட்டுத் தூங்குங்கள். எந்தக் கோர் தவறுகிறதோ அதற்கு மட்டும் மைனஸைக் குறையுங்கள். பெரும்பாலும் சிப்பின் சிறந்த இரண்டு கோர்கள்தான் முதலில் தவறும், அவை ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் அதிக வேகம் போகிறவை. கல்யாண வீடியோ என்பது இரண்டாம் முறை எடுக்க முடியாதது, அதனால் சோதித்து முடிக்கும் வரை கிளையன்ட் வேலையை இந்த செட்டிங்கில் ஓட்ட வேண்டாம்.

வேலூர்_எடிட்டர்

பத்து நாள் கழித்து வருகிறேன். மைனஸ் 20-ல் கோர்சைக்ளர் இரண்டு கோரில் தவறு காட்டியது, அண்ணன் சொன்ன அதே சிறந்த கோர்கள். அந்த இரண்டுக்கும் மைனஸ் 10, மற்ற ஆறுக்கும் மைனஸ் 20. மூன்று இரவு ஓடவிட்டேன், பிழை இல்லை.

கண்ணாடியை 20 மி.மீ. தள்ளி, பின்னால் கொசுவலை. 1,000 வி.ஏ. யு.பி.எஸ். வாங்கியாயிற்று. நேற்று சாயங்காலம் அறையில் 37. நாற்பது நிமிட ரெண்டரில் 82 டிகிரி, 4.45 கிகாஹெர்ட்ஸ், 115 வாட். சினிபெஞ்ச் 15,200.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். ரெண்டர் இல்லாமல் டைம்லைனை நகர்த்தும்போது விசிறி ஏறி ஏறி இறங்குகிறது. சத்தம் நிலையாக இல்லை, அதுதான் இப்போது தொந்தரவு.

பழைய_ஓவர்கிளாக்கர்

அந்தச் சிப்பின் இயல்பு அது. சின்ன வேலைக்கும் ஒரு நொடிக்குள் 15 டிகிரி எகிறி இறங்கும், விசிறி அதைத் துரத்தும். பயாஸில் விசிறி செட்டிங்கில் "ஸ்டெப் அப் டைம்" போன்ற பெயரில் ஒன்று இருக்கும், அதை நான்கைந்து விநாடிக்கு ஏற்றுங்கள். 70 டிகிரி வரை விசிறி ஒரே வேகத்தில், 40 சதவீதத்தில் நிற்கட்டும். 70-க்கு மேல் மெதுவாக ஏறி 85-ல் முழு வேகம்.

வேலூர்_எடிட்டர்

போட்டுவிட்டேன். டைம்லைன் நகர்த்தும்போது இப்போது மேலே ஓடுகிற சீலிங் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.